செட்டியார் தெரு விளக்கும் படத்தில் விழுந்த பட்டைகளும்

கொழும்பில் ஆடிவேல் திருவிழா முடிந்த கையோடு வெள்ளவத்தை வாசகி ஒருவர் போனில் எடுத்த படமொன்றை அனுப்பியிருந்தார். செட்டியார் தெருவில் விளக்கெரியும் கடை வாசல்களைத் தாண்டிப் போகும் ஊர்வலம். அசைவை நிறுத்திப் பிடிக்க ஷட்டரை 1/1000 செக்கன் மட்டும் திறக்கும்படி வைத்தாராம். தவில்காரரின் குச்சி அந்தரத்தில் அப்படியே நிற்கிறது, அருமை. ஆனால் படத்தின் குறுக்கே மூன்று இருண்ட பட்டைகள். "கண்ணுக்கு அப்படி எதுவும் தெரியவில்லையே? சாமி ஊர்வலத்தைப் படம் பிடித்த குற்றம் என்கிறார் மாமி" என்று எழுதியிருந்தார்.

மாமிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் விளக்கு.

இலங்கையில் வீட்டுக்கு வருவது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு உச்சம் என்பதால் விளக்கின் ஒளி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. பழைய குமிழில் இழை ஆறுவதற்குள் அடுத்த உச்சம் வந்துவிடும். மலிவான எல்.ஈ.டி.யிலோ மின்னோட்டத்தைச் சீராக்கும் பாகத்தில் கஞ்சத்தனம் பண்ணிவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட அணைந்து அணைந்து எரிகிறது. கண்ணுக்கு அந்த வேகம் எட்டாது.

சரி, அப்படியானால் படம் முழுவதுமே இருண்டு போக வேண்டும், அல்லது முழுவதும் வெளிச்சமாக வர வேண்டும். பட்டை எங்கிருந்து வந்தது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

போன் கமரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. போட்டோ கொப்பி இயந்திரத்தின் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு ஊர்ந்து போகுமே, அந்த மாதிரி வரி வரியாக எடுக்கிறது. 3000 வரிகள், எல்லாவற்றையும் வாசித்து முடிக்க 30 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/1000 என்றால் ஒவ்வொரு வரியும் ஒரு மில்லிசெக்கன்தான் கண் திறக்கும், அதுவும் தன் முறை வரும்போது. விளக்கு உச்சத்தில் இருக்கையில் முறை வந்த வரிக்கு வெளிச்சம் தாராளம். மங்குகையில் வந்த வரி பாவம். விளக்கு 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை மங்குவதால் 1000 வரிக்கு ஒரு பட்டை. ஆக மூன்று.

இதையே திருப்பிப் போடுங்கள். பட்டைகளை எண்ணிப் பத்தால் பெருக்கினால், உங்கள் போன் ஒரு படத்தை வாசிக்க எடுக்கும் நேரம் மில்லிசெக்கனில் கிடைத்துவிடும்! என்னுடையதில் இரண்டு. ஆய்வுகூடத்துக்குக் காசில்லை என்று கைவிரிக்கும் பாடசாலைகள் ஐந்து சதம் செலவில்லாமல் செய்யக்கூடிய பரிசோதனை இது. பஸ்ஸின் எல்.ஈ.டி. பெயர்ப்பலகையை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். அது தன் வரிகளை மாற்றி மாற்றி வேறு வேகத்தில் எரிப்பது. பாதி எழுத்து படத்தில் காணாமல் போவதும் அதனால்தான்.

மாமியிடம் இதைச் செய்து காட்டுங்கள். போனைப் படுக்கையாகப் பிடித்தால் பட்டைகளும் படுத்திருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அவையும் எழுந்து நிற்கும். போன் திரும்பும் பக்கமெல்லாம் கூடவே திரும்புகிற குற்றம் எந்தச் சாமியுடையது?

ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒளியின் ஏற்றமும் இறக்கமும் முழுசாகக் கிடைக்கும், பட்டை போய்விடும். குச்சி கொஞ்சம் கலங்கும். கலங்கட்டுமே, அப்படி எடுத்த படத்தில்தான் எனக்குத் தவில் கேட்கிறது.