மருந்துக்குத் தடை இல்லை, பணம் போகத்தான் வழி இல்லை

ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை வரும்போதெல்லாம், உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்ற அறிவிப்பும் கூடவே வரும். அது பொய்யில்லை, சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் வங்கியில் ஏற்றுமதி, இறக்குமதிப் பணப் பரிமாற்றங்களைக் கவனிக்கும் எனக்கு அந்த வரியைப் படித்தால் நிம்மதி வருவதில்லை. சரக்கு கிளம்ப வேண்டுமானால் முதலில் பணம் கிளம்ப வேண்டும்.

தடைக்குள்ளான ஏழை நாடொன்றின் இறக்குமதியாளர் ஆன்டிபயாடிக் வாங்குகிறார் என்று வையுங்கள். விற்பவர் டாலரில் எல்.சி., அதாவது பணம் வந்து சேரும் என்று வங்கி தரும் உறுதிப் பத்திரம், கேட்பார். டாலர் பணம் கைமாறும் நியூயார்க்கில் வாங்குபவரின் வங்கிக்குக் கணக்கு இருக்காது, நடுவில் ஒரு பெரிய வங்கி வேண்டும். வாங்குபவர், விற்பவர், கப்பல், துறைமுகம் என்று எல்லாப் பெயர்களையும் அந்த வங்கி தடைப்பட்டியலோடு ஒப்பிடும். ஒரு பெயர் லேசாக ஒத்துப்போனாலும் பரிமாற்றம் நிற்கும். விளக்கம் கேட்பார்கள், கொடுத்தால் மேலும் ஆவணம் கேட்பார்கள். கடைசியில், காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த வங்கியின் பயத்துக்கும் காரணம் உண்டு. சூடான், ஈரான், கியூபா மீதான தடைகளை மீறியதற்காக 2014-ல் பிரான்ஸின் பி.என்.பி. பரிபா வங்கி அமெரிக்காவுக்குச் சுமார் 890 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மருந்துப் பரிமாற்றம் ஒன்றில் வரும் கமிஷன் சொற்பம். அதற்காக அப்படியொரு அபராதத்தை எந்த வங்கி தலையில் ஏற்றிக்கொள்ளும்? சட்டம் தடுக்காததையும் வங்கிகள் தாமாகவே தடுத்துவிடுகின்றன. வேறு வழியில்லாமல் வாங்குபவர் மூன்றாம் நாட்டுத் தரகருக்குக் கமிஷன், முழுத் தொகையும் முன்பணம் என்று கொடுத்து வாங்குகிறார். அந்தச் செலவெல்லாம் நோயாளி வாங்கும் மருந்தின் விலையில்தான் வந்து சேரும்.

ஆப்கானிஸ்தானில் நடந்தது இதைவிடக் கொடியது. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும், அமெரிக்காவில் இருந்த ஆப்கான் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் கையிருப்பு முடக்கப்பட்டது. மத்திய வங்கியின் கையிருப்பை ஆட்சியாளரின் சொந்தப் பணப்பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டின் நாணயமும் இறக்குமதியும் வங்கிகளில் மக்கள் போட்ட பணமும் அதை நம்பித்தான் நிற்கின்றன. சாதாரண மக்கள் தங்கள் கணக்கிலிருந்தே வாரத்துக்கு 200 டாலர் மட்டும் எடுக்கலாம் என்று வரம்பு வந்தது. ஆசிரியர்களும் செவிலியர்களும் தாலிபானைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களின் சம்பளமும் நின்றது. நிவாரணப் பணத்தைக்கூட ஐ.நா. விமானத்தில் டாலர் நோட்டுக் கட்டுகளாகக் கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது. 2022-ல் அந்தக் கையிருப்பில் 350 கோடி டாலர் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. ஆனால், மத்திய வங்கி பயன்படுத்த முடியாத கையிருப்பால் நாணயத்துக்கு என்ன பலம்?

நெருக்கடியில் இருக்கும் நாடுகளை அழுத்தும் இன்னொன்று கடன் கட்டணம். அதைப் பற்றிச் செய்திகளில் இவ்வளவு பேச்சு இல்லை. சர்வதேச நாணய நிதியத்தில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் ஒதுக்கீடு என்று ஒரு பங்கு உண்டு. அதோடு ஒப்பிட்டால் ஒரு வரம்புக்கு மேல் கடன் வைத்திருக்கும் நாடுகளிடம் நிதியம் வட்டிக்கு மேல் கூடுதல் கட்டணம் வாங்குகிறது, அந்தக் கடனை நீண்ட காலம் வைத்திருந்தால் அது இன்னும் கூடும். மிக ஏழை நாடுகளுக்கான சலுகைக் கடனில் இது இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பாகிஸ்தான், எகிப்து, ஈக்வடார், உக்ரைன் போன்ற நாடுகள் கட்டியிருக்கின்றன. 2024 வரை இந்தக் கூடுதல் கட்டணம் 3 சதவீதம் வரை போனது. நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆர்.-க்கான அடிப்படை வட்டி 2021-ல் 0.05 சதவீதம். 2023 முடிவில் 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதோடு நிதியம் அப்போது வழக்கமாகச் சேர்த்த 1 சதவீதத்தையும் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தால் 8 சதவீதத்துக்கு மேல். நெருக்கடியில் கடைசிப் புகலிடமாக இருக்க வேண்டிய நிறுவனம் வாங்கிய வட்டி இது.

பெரிய கடனை நீண்ட காலம் வைத்திருப்பதைத் தவிர்க்கவும், இழப்பு வந்தால் ஈடுகட்டும் காப்பு இருப்பைச் சேர்க்கவும்தான் இந்தக் கட்டணம் என்றது நிதியம். முதல் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முன்கூட்டியே திருப்பிக் கட்டும் வசதி உள்ள நாடு நிதியத்தின் வாசலுக்கே வராது. இரண்டாவது காரணமோ, காப்பு இருப்பு 2,500 கோடி எஸ்.டி.ஆர். இலக்கை எட்டியதும் வலுவிழந்தது. 2024 நவம்பர் முதல், கூடுதல் கட்டணம் தொடங்கும் வரம்பு ஒதுக்கீட்டின் 187.5 சதவீதத்திலிருந்து 300 ஆக உயர்ந்தது, கால அடிப்படையிலான கட்டணமும் குறைந்தது. எல்லா மாற்றங்களாலும் கடனாளி நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டாலர் மிச்சம் என்று நிதியமே கணக்கிட்டது. பெரிய கடனுக்கான 2 சதவீதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தடையும் கடனும் ஒரே நாட்டை எப்படி மாட்டிவைக்கும் என்பதற்குச் சூடானைப் பாருங்கள். அதன் மீதான அமெரிக்க வர்த்தகத் தடைகள் 2017-லேயே நீங்கின. ஆனால் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலில் பெயர் இருந்தவரை, உலக வங்கியிலும் நிதியத்திலும் அதற்கான கடன்களை எதிர்த்து அமெரிக்கா வாக்களித்தாக வேண்டியிருந்தது. பெயர் நீங்கியது 2020 டிசம்பரில். அதன்பிறகுதான் அமெரிக்காவும் பிரான்ஸும் கொடுத்த இடைக்காலக் கடனால் பழைய பாக்கிகள் தீர்ந்து, 2021 ஜூனில் கடன் நிவாரணம் தொடங்கியது. 2019-ல் சர்வாதிகாரியை வீதியில் இறங்கி வீழ்த்திய மக்கள், அந்த ஆட்சிக்கான தண்டனையை இடைக்கால அரசின் காலத்திலும் சுமந்தார்கள்.

வழி இல்லாமல் இல்லை. 2020 ஜனவரியில் ஜெனிவா வங்கி ஒன்றின் மூலம் சுமார் 23 லட்சம் யூரோ மதிப்புள்ள புற்றுநோய், உறுப்பு மாற்று மருந்துகள் ஈரானுக்குப் போயின. சுவிஸ் அரசு முன்நின்றது, பணத்தை அனுப்பலாம் என்று அமெரிக்கக் கருவூலம் வங்கிக்கு உறுதி கொடுத்தது. எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு வேண்டியது இந்த உறுதிதான். தடையை அறிவிக்கும் நாளிலேயே, விலக்குப் பெற்ற பொருள்களுக்கான பணம் எந்த வங்கி வழியாக, யாருடைய உறுதிமொழியின் பேரில் போகும் என்பதையும் அறிவிக்க வேண்டும்.