உலோகக் கண்ணாடி ஏன் அவ்வளவு வலிமை, ஏன் சட்டென்று உடைகிறது?

ஒரு கம்பியை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். உள்ளே அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும், அந்த அடுக்கில் அங்கங்கே பிசகிய கோடுகளும் இருக்கும். அந்தக் கோடுகள் நகர்ந்து நகர்ந்துதான் உலோகம் வளைந்து கொடுக்கிறது.

உலோகக் கண்ணாடி என்பதும் உலோகம்தான், ஆனால் ஜன்னல் கண்ணாடியில் போலவே அதில் இந்த அடுக்கே கிடையாது. 1960-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் போல் டுவெஸ் குழுவினர் தங்கமும் சிலிக்கானும் உருகிய கலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்வித்தார்கள். வரிசையில் நிற்க நேரம் கிடைக்காத அணுக்கள் திரவத்தில் கலைந்து கிடந்தபடியே உறைந்துவிட்டன. அடுக்கு இல்லை, அதனால் பிசகும் இல்லை, சுலபமாக நகர எதுவும் இல்லை. இன்றைய உலோகக் கண்ணாடிகள் ஏறக்குறைய 2 சதவீதம் நீண்டாலும் விட்டதும் பழைய அளவுக்கே திரும்பிவிடும். வழக்கமான உலோகங்களில் பெரும்பாலானவை அதில் பாதிக்குள்ளேயே நிரந்தரமாக வளைந்துவிடும்.

சரி, 2 சதவீதத்தைத் தாண்டினால்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கலைந்து கிடப்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில நானோமீட்டருக்குள்ளேயே (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஓரிடம் நெருக்கமாகவும் பக்கத்து இடம் தளர்வாகவும் இருக்கும். விசை ஏறும்போது தளர்ந்த இடத்தில் சில பத்து அணுக்கள் சேர்ந்து இடம் மாறும், அது பக்கத்தில் இருப்பதையும் தூண்டிவிடும், இப்படியே இணைந்து 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனில் ஒரு நழுவல் பட்டை உருவாகிவிடும். சாதாரண உலோகம் வளைய வளைய இறுகும், இந்தப் பட்டையோ நழுவ நழுவ இன்னும் தளரும், அதனால் மொத்த நழுவலும் அந்த ஒரே இடத்தில் குவிந்து துண்டு உடைந்துவிடும். அந்த நழுவலில் சூடும் பிறக்கிறது. உலோகக் கண்ணாடியின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு கொடுத்து, விசையேற்றிப் பார்த்திருக்கிறார்கள்: பட்டை மேற்பரப்பைத் தொட்ட இடத்தை ஒட்டி வெள்ளீயம் உருகிக் குட்டிக் குட்டி மணிகளாகத் திரண்டிருந்தது. வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும்!

தளர்ந்த இடங்களை ஒழித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்து அணுக்களை நெருக்கினால் பொருள் இன்னும் எளிதாக நொறுங்குகிறது. தளர்ந்த இடங்கள் நிறைய இருந்தால்தான் ஒரு பெரிய பட்டைக்குப் பதில் பல சிறு பட்டைகள் பிறந்து நழுவலைப் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் திரவ நைட்ரஜனில் முக்கி எடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து, வேண்டுமென்றே தளர்த்தும் முறைகூட இருக்கிறது. நானோ அளவு உலோகக் கண்ணாடித் துகள்களை அழுத்திச் சேர்த்து, துகளுக்குத் துகள் தளர்ந்த எல்லைகள் இருக்கும்படி செய்வது இன்னொரு வழி.

அப்புறம், துண்டையே சிறிதாக்கிவிடலாம். சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள சிர்க்கோனியம் கலந்த உலோகக் கண்ணாடித் தூணை இழுத்தால், பட்டை பரவ இடமே இல்லாமல், தூண் நடுவில் மெலிந்து, கம்பி போல நீண்ட பிறகுதான் அறுகிறது.