இன்றியமையாக் கனிமம்: ஒரு சொல்லைச் சலித்துப் பார்த்தால்

‘முக்கிய தாதுக்கள்’ என்று ஒரு செய்தித் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு முருங்கைக்கீரைதான் ஞாபகம் வந்தது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து பற்றிய குறிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே படித்தால் லித்தியம், கோபால்ட், காந்தம், மின்சார வண்டி. ஆங்கிலத்தில் ‘கிரிட்டிக்கல் மினரல்ஸ்’ என்கிறார்களே, அதைத்தான் இப்படித் தமிழாக்கியிருந்தார்கள்.

முதலில் ‘மினரல்’. தோண்டும் சுரங்கத்தைக் குறிக்கும் ‘மைன்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே குடும்பம். நம்முடைய ‘கனிமம்’ என்ற சொல்லிலும் பழத்துக்கு வேலையில்லை. வடமொழியில் ‘கனி’ என்றால் சுரங்கம், தோண்டுதல் என்ற வேரிலிருந்து வந்தது. இந்திக்காரர்களின் ‘கனிஜ்’, அதாவது சுரங்கத்தில் பிறந்தது என்பதும் அதிலிருந்துதான். ‘தாது’வும் வடமொழி வரவே. ஆனால் அது பூந்தாது, உடல் தாது, தாது உப்பு என்று ஏற்கெனவே பல வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. தாது மணல் என்று பேச்சில் ஊன்றிவிட்ட இடத்தில் இருக்கட்டும். மற்ற இடங்களில் கனிமமே தெளிவு.

சிக்கல் ‘கிரிட்டிக்கல்’லில்தான். கிரேக்கத்தில் ‘கிரினெய்ன்’ என்றால் பிரித்தறிதல், தீர்ப்புச் சொல்லுதல். அதற்கும் பின்னால் போனால் சலித்தல் என்ற பொருள் வருகிறது. லத்தீனில் சல்லடைக்குச் சொல்லும் ‘கிரிப்ரம்’ இதற்குச் சொந்தக்காரன். நோய் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானமாகும் கட்டத்தை கிரேக்க வைத்தியர்கள் ‘கிரிசிஸ்’ என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாம் “கிரிட்டிக்கலா இருக்கார்” என்று சொல்வது நேராக அங்கிருந்து வருகிறது. 1939-இல் போர் நெருங்கிய நேரத்தில் அமெரிக்கா மூலப்பொருள்களைச் சேமித்து வைக்க ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே ‘கிரிட்டிக்கல்’ வந்துவிட்டது.

ஆக, இந்தச் சொல்லுக்கு இரண்டு கால்கள். பொருள் கட்டாயம் வேண்டும் என்பது ஒன்று. அது வரும் வழி எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது கால் வெறும் கற்பனை இல்லை. ஆங்கிலத்தில் ‘ரேர் எர்த்’ எனப்படும் அருமண் தனிமங்களில் ஏழுக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும், அவற்றில் சிலவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தம் கிடைக்காமல் இந்திய வாகன ஆலைகள்வரை தவித்தன. ‘முக்கியம்’ என்ற சொல்லில் முதல் கால் மட்டும்தான் இருக்கிறது. ‘அரிய கனிமம்’ என்பது அதைவிட மோசம். இந்தியா 2023-இல் வெளியிட்ட 30 கனிமங்களின் பட்டியலில் செம்பு இருக்கிறது, உர மூட்டையில் வரும் பொட்டாஷ் இருக்கிறது, சிவகங்கையில் வெட்டியெடுக்கும் கிராஃபைட் இருக்கிறது. இவற்றில் எது அரியது? அமெரிக்காவின் 2022 பட்டியலில் 50 பெயர்கள் இருந்தும் செம்பு இல்லை. அவரவர் தேவை, அவரவர் பட்டியல்.

நான் எழுதுவது ‘இன்றியமையாக் கனிமம்’. இன்றி, அமையா: அது இல்லாமல் முடியாது. ‘இல்லாமல் போனால்’ என்ற அச்சம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நீளம் என்பார்கள், சரி. ‘நெருக்கடிக் கனிமம்’ குட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் கனிமத்தால்தான் நெருக்கடி என்பதுபோல் தொனிக்கிறது.

இது வெறும் மொழிச் சண்டை இல்லை. இந்தப் பெயரை ஒட்டினால் சட்டமே மாறுகிறது. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் யுரேனியம், தோரியம் போன்ற அணுக் கனிமங்களின் சுரங்கங்களோடு இன்றியமையாக் கனிமச் சுரங்கங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் இத்தகைய கனிமங்கள் கலந்த மணலை எடுக்கும் திட்டத்தை எதிர்த்துவரும் கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். இன்றியமையாதது யாருக்கு என்று அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

அந்தக் கரையில்தான் இந்தக் கதையின் பழைய அத்தியாயமும் இருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், அருமண்களும் தோரியமும் அடங்கிய மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அப்போது அதிலிருந்து எடுத்த தோரியம் விளக்கின் மேன்டிலுக்குப் போனது. கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸில் வெள்ளைச் சல்லாத்துணிபோல் கட்டி, கொளுத்தினதும் சாம்பல் கூடாக நின்று எரியுமே, அதேதான். அதே கரையிலிருக்கும் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை அதைத் தொட்டுத் தொடங்கியது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் உருவானது. ஊரில் அதன் ஆலையை ‘மணல் ஆலை’ என்பார்கள், பேப்பரில் ‘அரிய மணல் ஆலை’. மண் எப்போது மணலானதோ!

ஒரு கை கருமணலைத் தட்டில் போட்டு, அரிசி அரிப்பதுபோல் தண்ணீர்விட்டு ஆட்டிப் பாருங்கள். வெள்ளை மணல் முதலில் ஓடிவிடும். கறுப்பும் செம்மஞ்சளுமாகக் கனத்தவை தட்டோடு தங்கும். ஆலையிலும் அடிப்படை இதேதான். எடையால் ஒரு பிரிப்பு, அப்புறம் காந்தத்தால், மின்னூட்டத்தால். இதுவரைக்கும் நமக்குக் கைவந்த வேலை. அதன்பின் வருவதுதான் கடினம். மோனசைட்டுக்குள் நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டு அருமண் தனிமங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கிடக்கும். வேதியியலார் வெகுகாலம் இரண்டையும் ஒரே தனிமம் என்று எண்ணி ‘இரட்டை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1885-இல் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய வேதியியலார் பிரித்தார். மேன்டிலை உருவாக்கியவரும் அவரே. இன்று அமிலக் கரைசலையும் கரிமக் கரைப்பானையும் கலக்கி, தெளியவிட்டு, மேலடுக்கை வடித்து, இதையே நூற்றுக்கணக்கான தொட்டிகளில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். உலகின் அருமண் பிரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடப்பதற்கு மண்வளம் மட்டும் காரணமில்லை, இந்தத் தொட்டி வரிசையை ஓட்டத் தெரிந்த ஆள்கள் அங்கே தலைமுறையாக இருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்ற, இன்றியமையாக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்தில் ஆள்களைப் பயிற்றுவிப்பதும் ஒரு பகுதி. அவர்களுக்குப் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாதுவின் தரம் கூட்டும் வேலையைச் ‘செறிவூட்டல்’ என்றால், யுரேனியத்துக்குச் செய்யும் வேறொரு வேலையோடு குழம்பும். ‘அரித்தெடுப்பு’ என்று சொல்லுங்கள். தட்டார் தெருவில் மண்ணை அரித்துப் பொன் எடுக்கிறவர்களிடம் அந்த வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்த கட்டத்துக்குப் ‘பிரிப்பு’ போதும்.

‘இன்றியமையா கனிமம்’ அல்ல, ‘இன்றியமையாக் கனிமம்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும்.