வீ, ஸ்விட்ச், ரிங் ஃபிட்: எந்த விளையாட்டு எந்த உடம்புக்கு?

ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து போன பிறகு, புதுச்சேரியில் சில வீடுகளில், டிவியில் மாட்டி கையைக் காலை அசைத்து ஆடும் ஒரு கேம் கன்சோல் தங்கிவிடும். நிண்டெண்டோ கம்பெனியுடையதுதான்: சில வீடுகளில் பழைய வீ, சில வீடுகளில் ஸ்விட்ச். பிள்ளைகளுக்கென்று வந்ததை ஒரே வாரத்தில் அப்பாவும் ஆயாவும் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம், முட்டிவலிக்கோ தோள்வலிக்கோ என்னிடம் பிசியோதெரபிக்கு வரும்போது கேட்பார்கள்: “இதுல எந்த கேம் சார் உடம்புக்கு நல்லது?”

அதற்கு முன்னால், அந்தக் கருவி உங்களிடம் எதைக் கவனிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2006-இல் வந்த வீயின் ரிமோட்டுக்குள் அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் சின்ன சென்சாரும், முனையில் ஒரு அகச்சிவப்புக் கேமராவும் இருக்கின்றன. டிவி பக்கத்தில் வைக்கும் ‘சென்சார் பார்’ பெயருக்குத்தான் சென்சார். அதில் எரிவது அகச்சிவப்பு விளக்குகள், பார்ப்பது ரிமோட். ஸ்விட்சின் ரிமோட்டான ஜாய்-கான் இன்னும் நுட்பமானது. ஆனாலும் இரண்டுக்கும் தெரிவது கையில் இருக்கும் பொருளின் அசைவு மட்டும்தான். தோளைத் தூக்கினீர்களா, இடுப்பை முறுக்கினீர்களா, முட்டி உள்பக்கம் மடிந்ததா, எதுவும் தெரியாது. திரையில் நட்சத்திரம் கொட்டுவதை வைத்து உடம்பு சரியாக அசைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு 2010-இல் வந்த கினெக்ட் மட்டும் கேமராவால் உடம்பின் மூட்டுகளையே குறித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். முத்தியால்பேட்டை வீட்டு முன்னறையில் அந்த ஆறடிக்கு எங்கே போவது? 2017-இல் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது வீ ஸ்போர்ட்ஸ் கேமில் உள்ள பௌலிங். கிரிக்கெட் பௌலிங் இல்லை, பந்தை உருட்டி கட்டைகளைச் சாய்ப்பது. கையைத் தொங்கவிட்டு, பின்னால் கொண்டுபோய், மெதுவாக முன்னால் வீசினால் போதும். தோளுக்கு மேல் கை போகாது, குதிக்க வேண்டாம், அடுத்தவர் ஆடி முடிக்கும்வரை ஓய்வும் கிடைக்கும். முட்டி தேய்ந்தவர்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தே ஆடலாம். பந்தைப் பிடிக்க ரிமோட்டின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, வீசும்போது விட வேண்டும். விரலும் தோளும் ஒரே நேரத்தில் சொன்னபடி கேட்க வேண்டிய வேலை இது. பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள்; அதனாலேயே அவர்களுக்கு இது பயிற்சி. கைப்பிடி பலம் கொஞ்சமாவது திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டென்னிஸ் நேர் எதிர். ஓட்டத்தை கேமே பார்த்துக்கொள்கிறது, நமக்கு வீச்சு மட்டும். நிஜ மட்டையின் எடையும் இல்லை, பந்து மோதும் தடையும் இல்லை. வீசிய கையைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்கத் தோளின் பின்பக்கத் தசைகள் தலையில் விழுகிறது. 2007-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ஜூலியோ போனிஸ், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு ஒரு கடிதம் எழுதினார். மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடிய 29 வயது மருத்துவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலை தாங்க முடியாத வலது தோள்வலியோடு எழுந்த கதை அது. தோள்பட்டை எலும்பின் பின்புறம் உள்ள இன்ஃப்ராஸ்பினேட்டஸ் தசைநாண் அழற்சி. ‘வீஐடிஸ்’ என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். வைத்தியம்: ஒரு வாரம் வலி மாத்திரை, வீ பக்கமே போகாதிருத்தல். என்னிடம் வருகிறவர்களும் அதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். சட்டைக் கையை மாட்டும்போது முகம் சுளிக்கும். கேட்டால், “கேம்தானே சார்” என்பார்கள். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ரிமோட்டை அடுத்தவரிடம் கொடுங்கள். 40 தாண்டியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் கட்டாயம்.

எனக்குப் பிடித்தது வீ ஃபிட் என்ற உடற்பயிற்சி கேமோடு வரும் பேலன்ஸ் போர்டு. குளியலறை எடைமெஷின் மாதிரி இருக்கும் பலகை, நான்கு மூலையிலும் எடை சென்சார், 150 கிலோ வரை தாங்கும். மேலே சொன்ன குறை இதற்கு அவ்வளவாக இல்லை, காலில் விழும் பாரத்தை நேரடியாக அளந்துவிடுகிறதே! முட்டி மாற்று அறுவை செய்தவர்களை அதில் ஏற்றி, சும்மா நேராக நிற்கச் சொல்வேன். “நேராத்தான் நிக்கிறேன்” என்பார்கள். திரையிலோ பாதிக்கு மேல் பாரம் நல்ல காலில் இருப்பதாக சதவீதக் கணக்கு தெரியும். நான் எத்தனை தடவை வாயால் சொன்னாலும் ஏறாதது பாரம் எங்கே என்று திரையில் காட்டும் புள்ளி நகர்வதைப் பார்த்ததும் ஏறிவிடும். பந்தைத் தலையால் முட்டும் கேமும், பனிச்சறுக்கு கேமும் இதே பாரம் மாற்றும் பயிற்சிதான். வீட்டில் செய்யும்போது ஒரு கை சுவரை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதில் வரும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும்) கணக்கைக் காட்டி பிள்ளைகளைக் கேலி செய்யாதீர்கள்.

உடற்பயிற்சிதான் வேண்டும் என்பவர்களுக்கு 2019-இல் ஸ்விட்சுக்கு வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர். ஒரு வளையத்தை அமுக்கியும் இழுத்தும், தொடையில் பட்டை கட்டிக்கொண்டு ஓடியும் ஆட வேண்டும். நிஜமாகவே வியர்க்கும். மாடி வீட்டுக்காரர்களுக்கு சத்தம் வராத முறையும் உண்டு. ஓடுவதற்குப் பதில் உட்கார்ந்து எழ வேண்டும். முட்டிவலிக்காரர்கள் இந்த முறைக்கு மாறி வலியைக் கூட்டிக்கொள்வதும் உண்டு, கவனம். வளையத்தை அமுக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். எதிரி அடிக்கும்போது வளையத்தை வயிற்றில் வைத்து அழுத்தித் தடுக்கும் கட்டம் ஒன்று வரும். சிசேரியன் ஆகி சில மாதங்களே ஆனவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் அதைத் தொடவே வேண்டாம்.

ஜஸ்ட் டான்ஸ் ஜாலியானது. அதில் கணக்கு கருவியைப் பிடித்த கைக்குத்தான், ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தும் மதிப்பெண் வாங்கலாம்.

இனி ஒரு கசப்பான செய்தி. பக்கவாத நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு வீயும் கொடுத்து, இன்னொரு பிரிவுக்கு சீட்டாட்டம், எண்களைக் குறிக்கும் பிங்கோ, அடுக்கிய கட்டைகளை உருவும் ஜெங்கா என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. 141 பேர் பங்கெடுத்தார்கள். கை முன்னேறியதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கன்சோல் வாங்க வசதி இல்லையே என்று கவலைப்படும் குடும்பங்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: சிகிச்சையை விடாதீர்கள், வீட்டில் தாயக்கட்டையை எடுங்கள். சோழியைப் பொறுக்குவதும் கைவேலைதான்.

ஆடும் இடம் முக்கியம். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு ஆடாதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில் வியர்வை சொட்டிய இடமும் வழுக்கும். டீப்பாயை ஓரம் தள்ளுங்கள், தலைக்கு மேல் ஃபேனைப் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் ரிமோட்டைத் தொடாதீர்கள். 2006-லேயே பட்டை அறுந்து ரிமோட் பறந்ததாகப் புகார்கள் வந்து, நிண்டெண்டோ தடித்த பட்டையை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பழைய வீ வாங்கினால், பிரான்சிலிருந்து வந்ததற்கு ஐரோப்பிய டிஸ்க்தான் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்த வீயின் அடாப்டரை நம் கரன்டில் செருகவே கூடாது.

ஆடிய மறுநாள் தொடை வலித்து, ஓரிரு நாளில் குறைந்தால் அது தசைவலி, பயம் வேண்டாம். தோள் வலியால் அந்தப் பக்கம் படுக்க முடியாவிட்டாலோ, முட்டி வீங்கினாலோ, விரல் மரத்தாலோ கேமை நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். நெஞ்சில் இறுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் என்னிடம் வர வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.