வெயில் ஊரிலும் கார்புரேட்டர் உறையும்

"நம் ஊர் வெயிலில் ஐஸா, சார்?" விமானப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. அந்த நம்பிக்கையோடு ஒருவர் தனியாகப் பறக்கப் போவதுதான் எனக்குக் கவலை.

ஊசி போடும்முன் தோலில் தடவும் ஸ்பிரிட் ஏன் சில்லென்று இருக்கிறது? ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர். அதன் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போதும் இதுவே நடக்கிறது. அங்கே காற்றழுத்தமும் குறைவதால் குளிர்ச்சி கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கும் மேல் இறங்கிவிடலாம். காற்றிலுள்ள ஈரம், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டைச் சுற்றி உறைந்து, என்ஜின் மூச்சு விடும் வழியையே அடைத்துவிடும். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே என்றால் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்திலும் இது நடக்கக்கூடும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானிகள் கையேடு. நம் கடற்கரையின் ஐப்பசி, கார்த்திகைக் காலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு காலையில், செஸ்னா 152 விமானத்தில், 2,000 அடி உயரத்தில் இருந்தோம். என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 2,300இலிருந்து மெல்ல 2,200க்கு வந்தது. மாணவர் த்ராட்டிலைச் சற்றே முன்னே தள்ளிச் சரிசெய்தார். சிறிது நேரத்தில் முள் மறுபடி இறங்கியது, மறுபடி தள்ளினார். நோயைக் காட்டும் ஒரே அறிகுறியை அவர் கையே மறைத்துக்கொண்டிருந்தது.

கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் குமிழை முழுவதும் இழுக்கச் சொன்னேன். ஆர்பிஎம் இன்னும் இறங்கியது. என்ஜின் இருமியது, விமானம் நடுங்கியது. அவர் கை உடனே குமிழை உள்ளே தள்ளப் போனது. அந்தக் கையின்மேல் என் கையை வைத்து நிறுத்தினேன்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் முதலில் சக்தி குறையத்தான் செய்யும். உருகிய நீர் சிலிண்டருக்குள் போவதால் என்ஜின் தடுமாறும். மோசமாவது போலத் தோன்றும் அந்த நேரத்தில்தான் மருந்து வேலை செய்கிறது. எங்களுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. பிறகு, யாரும் தொடாமலே முள் ஏறியது.

தரையிறங்கும்போது ஆபத்து கூடுதல். த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். சிறு ஐஸ் படிவே அடைத்துவிடும். சூடு புகைபோக்கிக் குழாயிலிருந்து வருவதால், என்ஜின் வேகம் குறைந்தபின் அதுவும் போதாது. ஆகவே முதலில் ஹீட், அப்புறம் த்ராட்டில். அரைகுறையாக இழுக்காதீர்கள், சில வேளைகளில் அது காற்றை உறையும் நிலைக்கே கொண்டுபோய்விடும். தரையில் மட்டும் சோதனைக்குமேல் இழுத்தே வைக்க வேண்டாம், அந்தக் காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை. 1996 முதல் வந்த செஸ்னா 172 விமானங்களில் கார்புரேட்டரே கிடையாது. அவற்றில் பழகிவிட்டுப் பழைய விமானத்துக்கு மாறுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் இருக்காது.

அன்று இறங்கியபின் பொறியாளர்கள் மூடியைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? ஐஸ் உருகிப் போயிருந்தது. ஆகவே சக்தி குறைந்து திரும்பினால், "என்ஜின் சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆர்பிஎம் எவ்வளவு இறங்கியது, ஹீட் இழுத்தபின் என்ன ஆனது, வெளியே எத்தனை டிகிரி, மேகம் எவ்வளவு அருகில் இருந்தது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.