மேடன்–ஜூலியன் அலைவு: சொல் விளக்கம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்து வானிலைச் செய்திகளில் ‘எம்.ஜே.ஓ.’ என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படுவதன் முழுப்பெயர் மேடன்–ஜூலியன் அலைவு என்பதாகும். நிலநடுக்கோட்டை ஒட்டி, பல ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு மேகமும் மழையும் மிகுந்த ஒரு பகுதி இந்தியப் பெருங்கடலில் திரண்டு, நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்ந்து பசிபிக்கை அடைவதையும், 30 முதல் 60 நாள் இடைவெளியில் அது மீண்டும் நிகழ்வதையும் இப்பெயர் குறிக்கிறது.

அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் ஆகிய இருவரும், பசிபிக்கின் நடுவே உள்ள காண்டன் தீவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பதிவான காற்றுத் தரவுகளில் 40 முதல் 50 நாளுக்கு ஒருமுறை திரும்பும் மாற்றத்தைக் கண்டறிந்து 1971இல் வெளியிட்டனர்.

‘எம்.ஜே.ஓ.’வில் ‘ஓ’ குறிக்கும் ‘ஆசிலேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம், காற்றில் ஆடுமாறு மரத்தில் தொங்கவிடப்பட்ட சிறு முகமூடியைக் குறிக்கும் ‘ஆசில்லும்’ என்ற இலத்தீன் சொல் என்பர். இதை ‘ஊசலாட்டம்’ என்று தமிழாக்குவோரும் உளர். ஊசல் இரு முனைகளுக்கிடையே போய்த் திரும்புவது. இந்த மழைப்பகுதியோ வந்த வழியே திரும்புவதில்லை, கிழக்கு நோக்கியே செல்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் நிலைபெற்றுவிட்ட ‘அலைவு’ என்ற சொல்லில், அலை என்ற பெயரும் அலைதல் என்ற வினையும் சேர்ந்தே ஒலிப்பதால், இந்நிகழ்வுக்கு அதுவே பொருத்தமானது என்பது என் துணிபு.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவக்காற்று, வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்தாலும், அந்தக் காற்று குவிந்து மேலெழுந்தால்தான் மழை பெய்யும். அலைவின் மழைப்பகுதி இந்தியப் பெருங்கடலில் இருக்கும்போது, அதன் கிழக்கே, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் வளிமண்டல அலையான கெல்வின் அலையால், கிழக்கிலிருந்து வீசும் கீழைக்காற்று வலுப்பெறுகிறது. மேற்கே, மேற்கு நோக்கி நகரும் ராஸ்பி அலையால் நிலநடுக்கோட்டின் இருபுறமும் காற்றுச் சுழற்சிகள் உருவாகின்றன. இவற்றால் ஈரம் குவிந்து உயரே ஏறுவதால், வங்கக்கடலின் தென்பகுதியில் தாழ்வுப் பகுதிகள் தோன்றவும், தமிழகக் கடலோரத்திலும் இலங்கையிலும் மழை பெருகவும் வாய்ப்புக் கூடுகிறது. மழைப்பகுதி பசிபிக்குக்குப் போய்விட்டால், இந்தியப் பெருங்கடலின் மேல் காற்று கீழிறங்கும் போக்கு மேலோங்கி, கார்த்திகை மாதத்திலும் பல நாட்கள் வானம் தெளிந்தே கிடப்பதுண்டு.

இந்த நகர்வைக் குறிக்க, 2004இல் வானிலை ஆய்வாளர்களான வீலரும் ஹெண்டனும் வகுத்த எட்டுக் கட்டங்கள் கொண்ட வரைபடம் பயன்படுகிறது. அதில் 2, 3 ஆகிய கட்டங்கள் இந்தியப் பெருங்கடலுக்கும், 6, 7 ஆகியவை மேற்குப் பசிபிக்குக்கும் உரியவை. ஒவ்வொரு நாளின் நிலையும் அதில் ஒரு புள்ளியாகக் குறிக்கப்படும்; அப்புள்ளி வரைபடத்தின் நடுவே உள்ள வட்டத்துக்குள் விழுந்தால் அலைவு வலுவற்றது என்று பொருள். அப்போது கட்ட எண்ணை மட்டும் பார்த்து மழையைக் கணிக்கக் கூடாது.