எக்லிப்ஸ் திறக்கவில்லை: எந்தப் படியில் நின்றது?

நிரல் எழுதப் பயன்படும் மென்பொருளான எக்லிப்ஸின் ஐகானை இருமுறை சொடுக்குகிறோம். முகப்புப் படம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. அதன்பின் ஒன்றுமில்லை. அல்லது எண்களும் கோப்புப் பாதைகளும் நிறைந்த ஒரு பிழைப் பெட்டி வந்து நிற்கிறது. உடனே பலர் செய்வது, மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கி நிறுவுவது. புதிதாக நிறுவியதும் பல நேரம் அதே இடத்தில் அதேபோல் நின்றுவிடுகிறது. அப்படி ஏன் ஆகிறது என்று புரிய, எக்லிப்ஸ் எந்த வரிசையில் இயங்கத் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

ஐபிஎம் 2001இல் திறந்த மூலமாக வெளியிட்ட எக்லிப்ஸ் பெரும்பாலும் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா நிரலை விண்டோஸோ லினக்ஸோ நேரடியாக ஓட்டாது. நடுவே ஜேவிஎம் எனப்படும் ஜாவா மெய்நிகர் இயந்திரம் வேண்டும். அதனால் நாம் சொடுக்குவது எக்லிப்ஸின் வாசலில் இருக்கும் ஒரு சின்ன லாஞ்சரை மட்டும்தான். அது ‘எக்லிப்ஸ்.ஐஎன்ஐ’ கோப்பைப் படித்து, ஒரு ஜேவிஎம்மைத் தேடிப் பிடித்து ஓடவைக்கிறது. ஜேவிஎம்முக்குள் ஈக்வினாக்ஸ் என்ற அடித்தளம் எழுந்து, பிளக்-இன்கள் எனப்படும் நூற்றுக்கணக்கான துணைப் பகுதிகளை யாருக்கு யார் தேவை என்று கணக்குப் பார்த்து இணைக்கிறது. கடைசியில்தான் ஒர்க்ஸ்பேஸ் என்ற நம் வேலைக் கோப்புறை திறக்கிறது. இந்த நான்கு படிகளில் எது நின்றாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘திறக்கவில்லை’ என்ற ஒரே நோய்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு படியும் நிற்கும்போது தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது.

ஜாவா எங்குமே கிடைக்கவில்லை என்று சொல்லி, தேடிய இடங்களைப் பட்டியலிடும் பெட்டி வந்தால் தவறு முதல் படியில். ஜாவாவை நிறுவியிருந்தும் இது வரலாம். ஐஎன்ஐ கோப்பில் ‘-விஎம்’ என்ற சொல் ஒரு வரியிலும், ஜாவாவின் பாதை அடுத்த வரியிலும் இருக்க வேண்டும். லாஞ்சர் ஒரு வரியை ஒரே சொல்லாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் அதற்கு அது அறிமுகமில்லாத ஏதோ ஒரு சொல். இன்னொன்று, இந்த இரண்டு வரிகளும் ‘-விஎம்ஆர்க்ஸ்’ என்ற வரிக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஜேவிஎம்முக்கான கட்டளைகள். எந்த ஜாவாவை எடுப்பது என்று லாஞ்சருக்குச் சொல்ல வேண்டிய வரியை அங்கே வைத்தால் லாஞ்சர் அதைப் பார்க்காது.

ஜாவா கிடைத்தும் பொருந்தாமல் போவது அடுத்த படி. 2020 செப்டம்பர் பதிப்பு ஓடுவதற்கு ஜாவா 11 தேவைப்பட்டது. 2022 செப்டம்பர் பதிப்புக்கு ஜாவா 17. கணினியில் பழைய ஜாவா 8 முன்னால் நின்றால் எக்லிப்ஸ் மறுத்துவிடும். இதை அது தெளிவாகவே சொல்லிவிடுவதால் சிக்கல் குறைவு. குழப்புவது, ‘ஜேவிஎம்மை உருவாக்க முடியவில்லை’ என்று மட்டும் சொல்லி நிற்கும் பெட்டிதான். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஐஎன்ஐயில் ‘-எக்ஸ்எம்எக்ஸ்’ என்று தொடங்கும் வரி. ஹீப் எனப்படும் நினைவகப் பகுதி அதிகபட்சம் எவ்வளவு வளரலாம் என்பதை அது சொல்கிறது. அதற்கான முகவரி இடத்தை ஜேவிஎம் தொடங்கும்போதே ஒரே தொடராக ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கும். 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபி முகவரி இடம். அதிலும் நடுநடுவே வேறு கோப்புகள் உட்கார்ந்திருக்கும். வேகம் கூடும் என்று எண்ணி யாராவது அந்த எண்ணை ஏற்றியிருந்தால் இயந்திரம் பிறக்கவே முடியாது. எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.

இனி, பிழைப் பெட்டியில் வந்து பலரை அலைக்கழிக்கும் ‘வெளியேற்ற எண் 13’. லாஞ்சர் 64 பிட், ஜாவா 32 பிட் என்றால் இது வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஒரே ப்ராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரலுக்குள், இரண்டும் கலக்க முடியாது. ஆனால் 13க்கு அது மட்டுமே பொருள் அல்ல. ஈக்வினாக்ஸ் தொடங்கும்போது யாரும் பிடிக்காத எந்தப் பிழை எழுந்தாலும் திருப்பி அனுப்பும் பொது எண் அது. அதன் மூலநிரலிலேயே இதை ராசியில்லாத 13 என்று குறித்து வைத்திருக்கிறார்கள். பிழைகளைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்பைப் போய்ப் பார் என்பதுதான் அந்த எண்ணின் செய்தி. எனவே 13ஐக் கண்டதும் ஜாவாவை மாற்றத் தொடங்குவது சரியான வழி அல்ல. ஒர்க்ஸ்பேஸுக்குள் ‘.மெட்டாடேட்டா’ கோப்புறையில் பதிவுக் கோப்பு இருக்கிறது. ஒர்க்ஸ்பேஸைத் தொடும் முன்பே விழுந்திருந்தால், எக்லிப்ஸ் நிறுவிய இடத்தில் ‘கான்ஃபிகரேஷன்’ கோப்புறையில் பதிவு இருக்கும். அதைத் திறந்து கடைசிப் பகுதியைப் படியுங்கள். அடுக்கடுக்கான பிழை வரிகளில் ‘இதற்குக் காரணம்’ என்ற பொருளில் கடைசியாக வரும் வரியில்தான் பெரும்பாலும் உண்மைக் காரணம் கிடைக்கும்.

மறுபடி நிறுவியும் ஏன் தீரவில்லை என்பதற்கான விடையும் இந்த .மெட்டாடேட்டாவில்தான் இருக்கிறது. அது எக்லிப்ஸ் நிறுவிய கோப்புறைக்கு வெளியே, நம் ஒர்க்ஸ்பேஸில் இருப்பது. நாம் அழித்தது மென்பொருளை; கெட்டுப்போனது அது ஒர்க்ஸ்பேஸில் எழுதி வைத்திருக்கும் நினைவு. மின்சாரம் போய்க் கணினி திடீரென்று அணைந்தால் பாதி எழுதிய கோப்புகள் அங்கே தங்கிவிடலாம். இதைச் சோதிக்க, ‘-டேட்டா’ என்ற கட்டளையோடு ஒரு புதிய வெற்றுக் கோப்புறையின் பாதையைக் கொடுத்து எக்லிப்ஸைத் தொடங்குங்கள். திறந்தால் முதல் மூன்று படிகளும் நலம், கோளாறு ஒர்க்ஸ்பேஸில்.

‘ஒர்க்ஸ்பேஸ் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று வந்தால் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்வார்கள். பூட்டுவது அந்தக் கோப்பு இருப்பதால் அல்ல; ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸ் இயங்குதளத்திடம் அதன்மேல் பூட்டு வாங்கி வைத்திருப்பதால். ஆகவே டாஸ்க் மேனேஜரில் சாகாமல் தங்கிவிட்ட பழைய எக்லிப்ஸைத் தேடி நிறுத்துங்கள். பூட்டு தானே விலகும்.

பூட்டுச் சிக்கல் இல்லாமலே ஒர்க்ஸ்பேஸ் திறக்க மறுத்தால் .மெட்டாடேட்டாவை அழிக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சாளர அமைப்பும் விருப்பத் தேர்வுகளும் ப்ராஜெக்ட் பட்டியலும் காலியாக இருக்கும். நீங்கள் எழுதிய நிரல்கள் அந்தந்த ப்ராஜெக்ட் கோப்புறைகளில் அப்படியே இருக்கின்றன. ஃபைல் மெனுவில் இம்போர்ட் சென்று, ஏற்கெனவே உள்ள ப்ராஜெக்டுகளைச் சேர்க்கும் வழியைத் தேர்ந்து, அதே ஒர்க்ஸ்பேஸ் கோப்புறையைக் காட்டினால் அவை ஒவ்வொன்றாகப் பட்டியலுக்குத் திரும்பிவிடும்.